இருநூற்றுப் பதினான்கு அடி

ஆல்மெந்த்ரா, கலிபோர்னியா
ஏப்ரல் 28, 2024

செலிக்கு,

ஏப்ரல் 14, ஞாயிறு, மாலை 5 மணி 42 நிமிடம். அறுபத்து நான்கு பேர். போலீஸ் எழுதிக் கொடுத்த நாற்பத்தொன்றாவது அபராத டிக்கெட் என்னுடையது.

நலம் விசாரிக்கும் முன்பே இதை எழுதிவிட்டேன். இதை எழுதாமல் மற்றதை எழுதக் கை வரவில்லை. நீ நலமா? சாப்பாடு கிடைக்கிறதா? அம்மா நலம். முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது.

அன்றைக்கு வீட்டில் மூன்று பேரும் ஒரே மேசையில் உட்கார்ந்து போசோலே சூப் சாப்பிட்டோம். நீ கிண்ணத்தை விட்டுத் தலையை நிமிர்த்தவில்லை. டிக்கெட் என் சட்டைப் பையில் நான்காக மடிந்து கிடந்தது. செவ்வாய்க்கிழமை விடியலில் அம்மா உன் நெற்றியில் சிலுவை வரைந்து வேனில் ஏற்றிவிட்டாள். அப்போதும் நான் சொல்லவில்லை. இராணுவத்துக்குப் போகிறவளிடம் கடைசி நிமிடத்தில் இதைச் சொல்வானேன் என்றுதான்.

கார்ப் பந்தயம் நடந்த பம்ப் வீட்டுச் சாலையின் இரண்டு முனையிலும் போலீஸ் வண்டிகளைக் குறுக்கே நிறுத்தி, ஓட்டினவர்களைக் கோட்டைவிட்டு, நின்றவர்களை எல்லாம் வரிசையில் உட்காரவைத்தார்கள். நகரசபை போன வருடம் போட்ட சட்டம் உனக்குத் தெரியும். பந்தயம் நடக்கும் இடத்திலிருந்து இருநூறு அடிக்குள், பார்க்கும் நோக்கத்தோடு நின்றாலே குற்றம். சோளம் விற்கிற தோன் தெயோவுக்கும் ஒரு டிக்கெட் கொடுத்தார்கள்.

"ஐயா, நான் சோளம் சுடுறவன்."

"ரேஸைப் பார்த்தீங்களா, இல்லையா?"

"அதைப் பார்த்துக்கிட்டிருந்தா இது கருகிடும்ங்க."

எழுதிக் கொடுத்துவிட்டு அந்தப் போலீஸ்காரர் ஒரு சோளம் வாங்கிக்கொண்டு போனார்.

நான் நின்றது இருநூறு அடிக்குள் இல்லை. இருநூற்றுப் பதினான்கு அடியில் நின்றேன். ஆகவே குற்றத்தை ஒப்புக்கொள்ளப் போவதில்லை. தண்டனை விழுந்தால் சாலை சிக்னல் பிரிவில் என் வேலை போகும். ஆகஸ்ட் கடைசிவரை எனக்குத் தகுதிகாண் காலம். "பதிவுல விழுந்துட்டா என் கையில ஒண்ணுமில்லப்பா" என்று கிரிகோரியன் முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டார். மேலதிகாரி என்றாலும் மறைத்துப் பேசாத ஆள்.

நீதிமன்றம் கொடுத்த வக்கீல் போனில் ஒரே ஒரு அறிவுரை சொன்னார்: "எதையும் பேப்பர்ல எழுதாத." ஆகவே கேட்டுக்கொள். ஒரு கறுப்பு வண்டி ஓடியது. அதை ஓட்டியவன் சுய். அவனே ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான். ஒரு நீல வண்டி ஓடியது. அதை ஓட்டியது யார் என்று எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது.

புரிந்ததா?

பத்திரமாக இரு.
ரிகோ

*

பயிற்சி முகாம், மிசூரி
மே 12

அன்புள்ள அண்ணா,

நான் நலம். கால் இரண்டிலும் கொப்புளம், அதுவும் நலம். அம்மாவின் முழங்காலுக்கு அந்தப் பச்சைத் தைலத்தைத் தேய்த்துவிடு. நீ தேய்க்கமாட்டாய் என்று தெரியும், ஆனாலும் எழுதுகிறேன். ஞாயிற்றுக்கிழமை கிடைக்கிற ஐந்து நிமிட போன் அம்மாவுக்கே சரியாகிவிடுகிறது. அதனால் உனக்குக் கடிதம்தான்.

உன் கடிதத்தைக் கழிவறையில் வைத்து மூன்று தடவை படித்தேன். நீ தப்பித்திருப்பாய் என்றுதான் நினைத்திருந்தேன். எப்போதும் எல்லாவற்றுக்கும் தள்ளி நிற்கிற ஆளாயிற்றே.

இங்கே சார்ஜென்ட்கள் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள், எல்லாவற்றுக்கும் கத்தல்தான். "அராம்புலா! உங்க சித்தி கல்யாணத்துக்கா வந்திருக்கே, இப்படி அசைஞ்சு அசைஞ்சு நடக்கிறே?" பக்கத்துக் கட்டில்காரி சிரித்தாள். அவளும் நானும் நாற்பது தண்டால் எடுத்தோம். இராணுவப் போலீஸ் ஆக வந்திருக்கிறோம், இதுவரை திருடனைப்போலத்தான் நடத்துகிறார்கள்.

ஒன்று சொல்லவேண்டும். வந்த இரண்டாம் நாள் எல்லோரையும் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்தார்கள். ஒரு சார்ஜென்ட் மெதுவாகப் பேசினார். அவர் மெதுவாகப் பேசியது அன்றைக்கு மட்டும்தான்.

"சேர்ற படிவத்துல எழுதாம விட்ட தப்பு ஏதாவது இருந்தா இப்பவே கை தூக்கு. பார்த்துக்கலாம். நாங்களா கண்டுபிடிச்சோம்னா, வீட்டுக்கு பஸ்தான்."

மூன்று பேர் தூக்கினார்கள். அப்போது உன் டிக்கெட்டைப் பற்றி எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் என் கை மேலே போயிருக்குமா? தெரியவில்லை. அன்றைக்கு அது தொடையோடு ஒட்டிக்கொண்டு கிடந்தது.

அந்த நீல வண்டி விஷயம். ஓட்டியவள் யாரோ எவளோ, எனக்கெதற்கு? ஆனால் அவளுக்கு ஒரு சந்தேகமாம். முடிவுக்கோட்டைத் தாண்டுகிற நொடியில் பின்கண்ணாடியில் போலீஸ் விளக்கு தெரிந்ததாம். கண் அங்கே போய்விட்டதாம். பக்கத்தில் கறுப்பு வண்டி முன்னால் இருந்ததா, பின்னால் இருந்ததா, அவள் பார்க்கவில்லையாம். அப்படியே பாதாம் தோப்புக்குள் திரும்பி வீட்டுக்குப் போய்விட்டாளாம்.

யார் ஜெயித்தது?

முத்தங்களுடன்,
செலி

*

ஆல்மெந்த்ரா
மே 25

செலிக்கு,

நலம், நலமறிய ஆவல். அன்னையர் தினத்துக்கு உன் சார்பாகவும் சேர்த்துப் பூ வாங்கிக் கொடுத்தேன். அம்மா இரண்டையும் ஒரே குவளையில் வைத்து, உன்னுடையது எது என்று கேட்டாள். பெரியது உன்னுடையது என்றேன். தைலம் தேய்த்தேன்.

வக்கீலைப் பார்த்தேன். பெயர் தாவோ. மோங் இனக் குடும்பத்துப் பெண், நாற்பது வயது இருக்கும். மேசையில் கோப்புகள் மலைபோலக் குவிந்திருந்தன, நடுவில் ஒரு பாதி சாப்பிட்ட ஆரஞ்சு. நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"போலீஸ் அளவு தொண்ணூத்தாறு அடின்னு சொல்லுது."

"அது பம்ப் வீட்டுலேர்ந்து. ரேஸ் எப்பவும் அங்கதான் முடியும். அன்னிக்கு அங்க முடியல. அதுக்கு முன்னாடி ரோட்டுக்குக் குறுக்கே புதுசா தார் ஒட்டுப் போட்ட பட்டை இருக்கு. அதுதான் கோடு. அங்கேர்ந்து நான் நின்ன வாய்க்கால் கரை இருநூத்திப் பதினாலு."

"யார் அளந்தது?"

"நான்."

"எப்ப?"

"முந்தின நாள்."

அவர் ஆரஞ்சுச் சுளையைக் கீழே வைத்தார். "ரிகோபெர்தோ, சட்டம் தெரியாதவன் எண்பது அடியில நிப்பான், இல்ல முந்நூறுல நிப்பான். இருநூத்திப் பதினாலுல போய் எவன் நிப்பான்? அந்தப் பதினாலு எதுக்கு?"

"இரும்பு டேப் வெயில்ல நீளும். கை நடுங்கும். பிழைக்கு இடம் விடணும்."

"விட்டிருக்கீங்க. நல்லாப் பெரிசா விட்டிருக்கீங்க."

எனக்குக் கோபம் வந்தது. சட்டம் இருநூறு என்கிறது. நான் அதைவிட அதிகத் தூரத்தில் நின்றேன். இதில் மனநிலையை எதற்கு அளக்கவேண்டும்? தாவோ அதற்கும் பதில் வைத்திருந்தார். "கோடு அன்னிக்கு மாறினது உங்களுக்கு எப்படித் தெரியும்? அரசு வக்கீல் கேக்கிற முதல் கேள்வி அதுதான். என்கிட்ட இப்பவே சொல்லிட்டா நல்லது."

விசாரணைத் தேதியை மட்டும் கேட்டுக்கொண்டு எழுந்து வந்தேன்.

இன்னொன்று. அந்தச் சட்டம் முட்டாள்தனமானது என்று நான் நினைக்கவில்லை. அது வரக் காரணமான டெல்ஃபினா கிரோஸ் வண்டி ஓட்டிச் சாகவில்லை. ஐஸ் டப்பாவோடு பம்ப் வீட்டு ஓரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சாலையோரம் அவளுக்கு நட்ட சிலுவையைத் தாண்டித்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். கூட்டம் இல்லாவிட்டால் ஓட்டமும் இல்லை என்று நகரசபை கணக்குப் போட்டது. கணக்குச் சரி. என்னை அந்தக் கணக்கில் சேர்த்ததுதான் தப்பு. ஓட்டத்தின் முடிவில்தான் வண்டி கவிழும். கவிழ்ந்தால் கதவை எங்கே வெட்டவேண்டும் என்று தெரிந்தவன் ஒருவன் அங்கே நிற்கவேண்டும். அதற்குத்தான் நின்றேன். யாருக்காக என்று எழுதமாட்டேன்.

சுய் சலூனில் உட்கார்ந்து தான்தான் ஜெயித்ததாகச் சொல்கிறான். எவ்வளவு வித்தியாசத்தில் என்று கேட்டேன். கையை அகல விரித்துக் காட்டினான்.

நீ கேட்டதற்குப் பதில் இல்லை. நான் பார்க்க நிற்கவில்லை என்பதுதான் என் வாதம். பார்க்க நிற்காதவனிடம் யார் ஜெயித்தது என்று கேட்கக்கூடாது.

உடம்பைக் கவனி.
ரிகோ

*

முகாம்
ஜூன் 9

அண்ணா,

நலம். நீயும் அம்மாவும் அப்படியே இருக்க வேண்டுகிறேன். கொப்புளம் ஆறித் தோல் தடித்துவிட்டது.

இந்த வாரம் விபத்து நடந்த இடத்தை அளக்கக் கற்றுக்கொண்டோம். அசையாத இரண்டு புள்ளிகளைப் பிடிக்கவேண்டும். கம்பம் ஒன்று, சாக்கடை மூடி ஒன்று. அங்கிருந்து ஒவ்வொரு பொருளுக்கும் டேப். நான்தான் முதலில் முடித்தேன். "எங்கே கத்துக்கிட்டே இதை?" என்று சார்ஜென்ட் கேட்டார். எங்கள் வீட்டில் செருப்பு வாங்கப் போனாலும் டேப் எடுத்துக்கொண்டு போகிற ஒருத்தன் இருக்கிறான் என்றேன். தண்டால் இல்லை, சிரித்தார்.

பிறகு அவர் சொன்னது: "அளவு மட்டும் போதாது. அளந்தவன் அந்தப் புள்ளியை ஏன் எடுத்தான்னு கேளு. அங்கேர்ந்து இழுத்தா ஆள்கிட்ட போய் நிக்கும்."

அன்றைக்கு மதியம் டப்பாப் பீச் பழம் கொடுத்தார்கள். நன்றாக இருந்தது.

சுய் கையை எவ்வளவு அகலம் விரித்தான்?

செலி

*

ஆல்மெந்த்ரா
ஜூன் 30

செலிக்கு,

நலம். வெயில் நூற்று ஆறு டிகிரி. அம்மா மின்விசிறிக்கு முன்னால் ஈரத்துணியைத் தொங்கவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். உன் தபால் வந்ததா என்று தினமும் பெட்டியைத் திறந்து பார்க்கிறாள்.

வழக்குக்கான அளவுப் படம் வரைந்து முடித்துவிட்டேன். ஒரு அங்குலத்துக்கு இருபது அடி. சாலை, வாய்க்கால், பம்ப் வீடு, தார்ப் பட்டை, நான் நின்ற இடம். அந்தப் பட்டைக்கு அடியில் கிடக்கிற சிக்னல் கேபிளை மார்ச்சில் போட்டவனே நான்தான். அது எங்கே இருக்கிறது என்று என்னைவிடச் சரியாகச் சொல்ல இந்த ஊரில் ஆள் கிடையாது. தாவோ படத்தை வெகுநேரம் பார்த்தார். "இதுவரைக்கும் எனக்கு இப்படி ஒரு கட்சிக்காரர் அமைஞ்சதில்ல. இதைக் காட்டினா ஜெயிக்கலாம்" என்றார். உடனே, "ஆனா அந்தக் கேள்வி வரும்" என்றார்.

கேள்வியின் பதில் இது. பட்டைக்கு அப்பால் எங்கள் வேலையில் கொட்டிய ஜல்லி வாரப்படாமல் கிடந்தது. அதில் பிரேக் போட்டால் வண்டி சுழலும். முந்தின நாள் மாலை நான் ஒருத்தியிடம் சொன்னேன்: "போகாதேன்னு சொன்னா கேக்கப் போறதில்ல. பட்டையோட நிறுத்திக்கோ." அவள் போய்ச் சுய்யிடம் பேசிக் கோட்டை மாற்றினாள். இவ்வளவுதான். இதை நான் சொன்னால் அடுத்த கேள்வி, "யாரிடம் சொன்னீர்கள்?"

பேப்பரில் எழுதாதே என்றார்கள். எழுதிவிட்டேன். பொறுமை போய்விட்டது.

அறுபத்து நான்கு பேரில் ஐம்பத்தெட்டுப் பேர் ஒப்புக்கொண்டுவிட்டார்கள். போக்குவரத்து வகுப்பில் உட்கார்ந்து, அபராதம் கட்டி, பதிவில் பெயர். அவர்களுக்கு அது போதும். எனக்கு அதில் வேலை போகும். எனக்கு விசாரணை ஆகஸ்ட் 15, வியாழன்.

படத்தைக் காட்டவா, வேண்டாமா? சுற்றி வளைக்காமல் எழுது. ஒரு வரி போதும்.

ரிகோ

*

ஆல்மெந்த்ரா
ஜூலை 21

செலிக்கு,

நலமா என்று கேட்கிறேன், பதில் எழுத ஆள் இருக்கிறதா என்று தெரியாமலே.

மூன்று வாரம் ஆகிறது. உன் கடைசிக் கடிதத்திலிருந்து எண்ணினால் ஆறு வாரம். அம்மாவோடு ஞாயிறுதோறும் ஐந்து நிமிடம் பேசினாய், கோழிக்கறி பற்றியும் துப்பாக்கி சுடுவதில் வாங்கிய மதிப்பெண் பற்றியும். பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னைக் கேட்கவில்லை. போன இரண்டு ஞாயிறு அதுவும் இல்லை. அம்மா போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

நீ பயந்திருந்தால் பயமாக இருக்கிறது என்று எழுது. அதற்கு எனக்குக் கோபம் வராது. எழுதாமல் இருப்பதற்குத்தான் வருகிறது. சிக்னலில் சிவப்பு எரிந்தால் நிற்பேன், பச்சை எரிந்தால் போவேன். எதுவுமே எரியாத சிக்னல் முன்னால் என்னை நிறுத்திவைத்திருக்கிறாய்.

இன்னும் இருபத்தைந்து நாள்.

ரிகோ

*

முகாம்
ஆகஸ்ட் 1

அண்ணா,

நான் நலம். நீ நலமா, அம்மாவின் கால் எப்படி என்று கேட்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

மூன்று வாரம் காட்டில் இருந்தோம். போன் இல்லை, தபாலும் கொடுக்கவில்லை. உன் இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாகக் கையில் கிடைத்தன. இது பாதி உண்மை. ஜூன் மாதம் முழுக்கத் தபால் இருந்தது, பேனாவும் இருந்தது. அது மீதிப் பாதி.

ஜூன் 9 கடிதத்தை முடிக்கும்போதே உன் அளவு எங்கே வந்து நிற்கும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எழுதக் கை வரவில்லை. பீச் பழம் என்று எழுதினேன்.

இரண்டு தடவை சார்ஜென்ட் அறை வாசல்வரை போனேன். முதல் தடவை கதவைத் தட்டக்கூட இல்லை. இரண்டாம் தடவை தட்டினேன். "என்ன, அராம்புலா?" என்றார். "துடைப்பம் எங்கே இருக்கு சார்ஜென்ட்?" என்று கேட்டேன். துடைப்பத்தைக் கொடுத்தார். கூடம் முழுவதும் பெருக்கினேன்.

பயமாக இருக்கிறது, அண்ணா. பாதாம் ஆலையில் தொப்பியும் முகமூடியும் போட்டுக்கொண்டு கன்வேயர் வார் ஓடுவதையே எட்டு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு வருடம் உனக்கு நினைவிருக்கும். அங்கே திரும்பிப் போக முடியாது. இங்கே முதன்முறையாக ஒரு வேலையில் நான் கெட்டிக்காரி. கடைசி ஞாயிறு, கடைசி ஓட்டம் என்று உன்னிடம் கெஞ்சினேன். நீ இரண்டு தடவை வேண்டாம் என்றாய். மூன்றாம் தடவை டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பினாய்.

இதோடு ஒரு தாள் இருக்கிறது. "ஏப்ரல் 14 அன்று நீல வண்டியை ஓட்டியது நான். முடிவுக்கோட்டை மாற்றியதும் நான். என் அண்ணன் என்னைத் தடுக்கப் பார்த்தான்." கையெழுத்து, தேதி, என் இராணுவ எண். படத்தோடு சேர்த்துக் கொடுத்துவிடு. பச்சை எரிந்துவிட்டது.

தபால் பெட்டியில் போட்டபின் திரும்ப எடுக்க முடியாது. அதனால்தான் இப்போதே, காலுறை மாற்றுவதற்குள் ஓடிப் போய்ப் போடுகிறேன்.

செலி

*

ஆல்மெந்த்ரா
ஆகஸ்ட் 4

என் செல்ல மகளுக்கு,

கடவுள் உன்னைக் காக்கட்டும். நான் சுகம். ரிகோ தைலம் தேய்க்கிறான், சுவருக்கு வெள்ளையடிக்கிறமாதிரி.

அவன் சாப்பிடுவதில்லை. மேசையில் ஒரு பெரிய படத்தை விரிக்கிறான், சுருட்டுகிறான், திரும்ப விரிக்கிறான். என்னடா இது என்றால் வேலை என்கிறான். நானும் கேட்பதை விட்டுவிட்டேன்.

உன் வண்டியை வாரம் ஒரு தடவை ஓடவிட்டு நிறுத்துகிறேன். சக்கரத்தின் மேல் மடிப்பில் ஒட்டியிருந்த தாரும் ஜல்லியும் போக மாட்டேன் என்றது. சமையல் எண்ணெய் போட்டுத் தேய்த்ததும் போய்விட்டது. நீ கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால், ஞாயிற்றுக்கிழமை, மாலைப் பூசை முடிந்து வந்தேன். நீ குளித்துத் தலை துவட்டிக்கொண்டிருந்தாய். வண்டி முகப்பில் கை வைத்தேன், கொதித்தது. வெயில் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அந்த வண்டி நின்றதோ மரத்தடி நிழலில்.

நீயாகச் சொல்வாய் என்று இருந்தேன். இனிச் சொல்லவேண்டாம். நன்றாகச் சாப்பிடு. பிரார்த்தனையை விடாதே.

என் ஆசீர்வாதம்.
அம்மா

*

ஆல்மெந்த்ரா
ஆகஸ்ட் 18

செலிக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீ நலமாக இருக்கிறாய் என்று எடுத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன்.

உன் தாள் விசாரணைக்கு முந்தின நாள் வந்தது. தாவோவிடம் காட்டவில்லை. மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன், டிக்கெட் இருந்த அதே பையில். படத்தைச் சுருட்டி நாற்காலிக்கு அடியில் வைத்தேன்.

முதலில் தோன் தெயோ. நீதிபதி அம்மா கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தார்.

"அங்க நடந்த ரேஸைப் பார்த்தீங்களா?"

"அம்மா, முப்பது வருஷமா சோளத்தைத்தான் பார்க்கிறேன். கண்ணை எடுத்தா வியாபாரம் போச்சு."

"யார் ஜெயிச்சாங்கன்னு தெரியுமா?"

"எனக்கு அன்னிக்கு நாப்பது சோளம் வித்துச்சு. நான்தான் ஜெயிச்சேன், போலீஸ் வர்றவரைக்கும்."

சிரிப்பு. தள்ளுபடி.

அடுத்து நான். போலீஸ்காரர் நேர்மையானவர், அதைச் சொல்லவேண்டும். பம்ப் வீட்டிலிருந்து தொண்ணூற்றாறு அடி என்று சரியாக அளந்திருந்தார். நானே அளந்தாலும் அதுதான் வரும். அவர் எடுத்த புள்ளிதான் தப்பு. தாவோ அதைப் பிடித்தார். "ரேஸ் பம்ப் வீட்டுலதான் முடிஞ்சதுன்னு நீங்க பார்த்தீங்களா?" "இல்லைங்க. எப்பவும் அங்கதான் முடியும்." கூண்டில் நான் ஏறினேன். தாவோ என்னிடம் எதையும் கேட்குமுன் நீதிபதியே திரும்பினார்.

"மிஸ்டர் அராம்புலா, சாலை வேலை உங்க தொழில். அன்னிக்கு முடிவுக்கோடு எங்க இருந்தது?"

செலி, அந்தப் பட்டை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று எனக்குக் கால் அங்குலத்துக்குத் தெரியும். நீதிமன்றக் கடிகாரத்தில் நொடிமுள் ஒன்பது தடவை நகர்ந்தது. எண்ணினேன்.

"தெரியாதுங்க" என்றேன்.

தாவோ கண்ணை மூடிக்கொண்டார். பிறகு வராந்தாவில் வைத்துக் கேட்டார்: "நாற்காலிக்குக் கீழே இருந்ததை எடுத்திருந்தா இந்நேரம் வீட்டுக்குப் போயிருப்பீங்க. யாரு அது?" "எது?" என்றேன். ஆரஞ்சு ஒன்றை உரித்துப் பாதியை என்னிடம் கொடுத்தார்.

குற்றவாளி. சிறை இல்லை. அபராதம், நாற்பது மணி நேரப் பொதுச்சேவை. வெள்ளிக்கிழமை கிரிகோரியன் என்னைக் கூப்பிட்டார். வருத்தப்பட்டார், நாற்காலியைக்கூட இழுத்துப் போட்டார், ஆனால் கடிதம் ஏற்கெனவே அச்சாகி மேசையில் இருந்தது.

எனக்கு வருத்தமா என்று கேட்காதே. ஒரு எண்ணைத் தெரியாது என்று சொன்னது இன்னும் நெஞ்சில் குத்துகிறது. மற்றதெல்லாம் பரவாயில்லை. நன்றாகத் தூங்கு, கால் நகத்தை வெட்டு, அம்மா சொன்ன பிரார்த்தனையைச் செய். இனி நான் செய்யப்போவது:

1. நாளை அலுவலகச் சாவி, மஞ்சள் மேல்சட்டை, அளவுச் சக்கரம் மூன்றையும் கிரிகோரியனிடம் ஒப்படைப்பது. டேப் என் சொந்தக் காசில் வாங்கியது. அது என்னிடமே இருக்கும்.

2. செவ்வாய் முதல் பொதுச்சேவை. பம்ப் வீட்டுச் சாலையில் யாரும் பந்தயம் ஓட்ட முடியாதபடி வேகத்தடைக் குமிழ்கள் பதிக்கிறார்கள், அந்தக் குழுவில் போட்டிருக்கிறார்கள். இடைவெளியைத் தப்பாக வரைந்து வைத்திருக்கிறார்கள். சொல்லித் திருத்துவேன். டெல்ஃபினாவின் சிலுவைக்கு முன்னால் இரண்டு வரிசை கூடுதலாகப் போடச் சொல்வேன்.

3. மொடெஸ்டோவில் ஒரு தனியார் சிக்னல் நிறுவனம் ஆள் எடுக்கிறது. விண்ணப்பத்தில் தண்டனை உண்டா என்று கேட்பார்கள். உண்டு என்று எழுதுவேன்.

4. உன் தாள். இது நேற்றே முடிந்தது. எட்டாகக் கிழித்துத் தோன் தெயோவின் அடுப்பில் போட்டேன். ஒரு சோளம் இலவசமாகக் கொடுத்தார். இனி நீ யார் அறை வாசலிலும் போய் நிற்கவேண்டாம். நின்றால் துடைப்பத்துக்காக மட்டும் நில்.

5. செப்டம்பர் 12 உன் பயிற்சி நிறைவு. அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து, உன் நீல வண்டியில், ஆயிரத்து எண்ணூற்றுச் சொச்சம் மைல், எங்கேயும் வேக வரம்பைத் தாண்டாமல் வருவேன். மூன்று நாள் ஆகும். அம்மா வழிச் சாப்பாட்டுக்குச் சோள மாவுத் தமாலே கட்டிக்கொண்டு வருவாள்.

6. வழக்கு முடிந்துவிட்டதால் மே மாதத்திலிருந்து நீ கேட்டுவரும் கேள்விக்குப் பதில் சொல்வது. தார்ப் பட்டையில் முதலில் ஏறியது நீல வண்டியின் முன்சக்கரம். கறுப்பு வண்டி அரை வண்டி நீளம் பின்னால். பிழைக்கு இடமே இல்லை. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.